அரசாங்கக் கணக்கில் நம்ம வீடு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கணக்கு பற்றிப் பேசச் சொன்னாங்க. குழுவில் ஊக்குநரா இருந்து, இப்போ கூட்டமைப்பில் கணக்குப் புத்தகம் பார்க்கிறவ நான். சந்தா, சேமிப்பு, உள்கடன், வட்டி இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதனால இன்னிக்கு வேற ஒரு கணக்கைப் பேசுறேன். அரசாங்கம் நம்ம வீட்டைப் பற்றி எழுதி வைக்கிற கணக்கு.

மத்திய புள்ளியியல் அமைச்சகம், குடும்பங்கள் மாதம் எவ்வளவு செலவு செய்யுதுன்னு ஒரு கணக்கெடுப்பு நடத்துது. 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நாடு முழுக்க 2,61,953 வீடுகளில் கேட்டாங்க. இந்தியக் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரி 4,122 ரூபாய். நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்களில் 5,701 ரூபாய். நாலு பேர் இருக்கிற வீடுன்னா 22,804 ரூபாய்.

சிரிக்கிறீங்க. "எங்க வீட்டில ஏதுடி அவ்வளவு பணம்?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறது இங்கே கேட்குது. நியாயமான கேள்வி. பதில் சொல்றேன்.

முதல் விஷயம், இது சராசரி. நாட்டின் கிராமங்களில் அடியில் இருக்கிற 5 சதவீதம் பேரின் செலவு ஆளுக்கு 1,677 ரூபாய். மேலே இருக்கிற 5 சதவீதம் பேருக்கு 10,137 ரூபாய். எல்லாரையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கினால் வருவதுதான் அந்த 4,122.

இரண்டாவது விஷயம், இது வருமானம் இல்லை, செலவு. காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரி, செல்போன் ரீசார்ஜ், வண்டி பெட்ரோல், சொந்த வயலில் விளைஞ்சு நாம சாப்பிட்ட நெல்லின் மதிப்பு எல்லாம் இதில் சேரும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இந்த எண் சொல்லாது. ஒரு தங்கச்சி மாமியார் வைத்தியத்துக்கு 40,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டுறான்னு வெச்சுக்குவோம். அந்த வருஷக் கணக்கில் அவ வீட்டுச் செலவு ஏறிடும். பார்க்கிறவருக்கு அந்த வீடு வசதியா தெரியும். அடுத்த வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை கட்டுறா. அந்தத் தவணை இந்தச் செலவுக் கணக்கில் வராது. கடனுக்கு என்று தனிக் கணக்கெடுப்பு உண்டு. அது 2019-ல் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டு நிலவரம் புரியும்.

மூன்றாவது விஷயம், அரசு உதவி. ரேஷனில் இலவசமா வாங்கும் அரிசி, பிள்ளைங்களுக்குக் கிடைச்ச சைக்கிள், லேப்டாப், பள்ளிச் சீருடை இவற்றுக்கு விலை போட்டும் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. அப்படிச் சேர்த்தால் இந்தியக் கிராமச் சராசரி 4,122-லிருந்து 4,247 ஆகுது. ஆளுக்கு 125 ரூபாய்தான் வித்தியாசம். "இலவசம் வாங்கியே பொம்பளைங்க வாழுறாங்க" என்று டீக்கடையில் பேசுறவங்களுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்க.

ஆனா அந்த 125 ரூபாயில் எல்லாமே அடங்கிடலை. அரசுப் பள்ளியில் பீஸ் இல்லாமல் படிக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறது இதற்கெல்லாம் அதில் விலை போடலை. நம்ம கட்டணமில்லா பஸ் பயணமும் அந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தனியா ஆய்வு செஞ்ச மாநிலத் திட்டக் குழு, பெண்களுக்கு மாதம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு சொன்னது. 2023 செப்டம்பர் 15-ல் 1,000 ரூபாயாகத் தொடங்கின மகளிர் உரிமைத் தொகை ரொக்கமா வருது. அதை மளிகைக்குக் கொடுத்தால் மளிகைச் செலவோடு கலந்துடும், தனியா தெரியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வர்றேன். உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2,50,000 ரூபாய்க்குள் இருக்கணும்னு விதி. மாதத்துக்கு 20,833. நாம முதலில் பார்த்த 22,804 அதைவிடக் கூடுதல். செலவும் வருமானமும் ஒண்ணு இல்லை என்றாலும், நமக்கு உடனே பயம் வருது. யாராவது நோட்டோடு வீட்டுக்கு வந்தால், "சொன்னா ஆயிரம் ரூபாயை நிறுத்திடுவாங்க" என்று வாயை மூடிக்கிறோம்.

சகோதரிகளே, இரண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு, திட்டத்துக்கு மனு போடும்போது நாம கொடுக்கும் விவரம். அது உங்க பேரில் தகுதி பார்க்கிறதுக்கு. இன்னொண்ணு, மாதிரிக் கணக்கெடுப்பு. அதில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து மாநிலம், நாடு நிலவரத்தை அறியறாங்க. 2008-ம் வருஷப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, அதில் சொல்லும் தகவலைப் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். வருபவரிடம் அடையாள அட்டை கேளுங்க. ஓ.டி.பி., ஏ.டி.எம். ரகசிய எண் கேட்டால் அவர் கணக்கெடுப்புக்கு வந்தவர் இல்லை, கதவைச் சாத்திடுங்க.

குடும்ப வருமானத்தையே நேரடியா கேட்கும் கணக்கெடுப்பை 2026-ல் நடத்துவதா மத்திய அரசு 2025-ல் அறிவிச்சது. இதற்கு முன்னே பல வருஷங்களுக்கு முந்தி முயற்சி பண்ணினப்போ, மக்கள் சொன்ன வருமானம், அவங்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் விடக் குறைவா வந்திருக்கு. அதனாலேயே அப்போ தொடர முடியலை.

நாம குறைச்சுச் சொன்னால் யாருக்கு நஷ்டம்? "அவருக்குக் கூலி வேலை, நான் சும்மாதான் இருக்கேன்" என்கிறோம். ரெண்டு மாடு கறந்து பால் ஊத்துறோம், ஆடு வளர்க்கிறோம், தையல் தைக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போறோம். அத்தனையும் "சும்மா" என்ற ஒரு வார்த்தையில் அழிஞ்சுபோகுது. நாளைக்கு "கிராமத்துப் பெண்கள் உழைச்சுச் சம்பாதிக்கிறது எவ்வளவு?" என்று யாராவது புத்தகத்தைப் புரட்டினால் அங்கே பூஜ்யம் இருக்கும். பூஜ்யத்துக்கு எந்தத் திட்டமும் போட மாட்டாங்க. எந்த வங்கியும் பெரிய கடன் கொடுக்காது.

அதனால ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்க. மாதம் ஒரு முறை ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நாலு வரி எழுதணும். என் கையால் சம்பாதிச்சது எவ்வளவு? வீட்டில் மற்றவங்க சம்பாதிச்சது எவ்வளவு? அரசிடமிருந்து வந்தது எவ்வளவு? கடன் வாங்கினது, தவணை கட்டினது எவ்வளவு? எழுதத் தெரியாதவங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவங்க எழுதிக் கொடுங்க. அந்த நோட்டு உங்க வீட்டிலேயே இருக்கட்டும், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

மூணு மாதம் எழுதிப் பாருங்க. முதல் வரியில் எழுதின தொகையைப் பார்த்து உங்க வீட்டுக்காரர் மட்டுமில்லை, நீங்களே ஆச்சரியப்படுவீங்க. கணக்கெடுக்க ஆள் வரும்போது யோசிக்க வேண்டாம், நோட்டைப் பார்த்துச் சொல்லலாம்.

குழுப் பணத்தில் ஒரு ரூபாய் குறைஞ்சாலும் ராத்திரி தூங்காமல் தேடுறவங்க நாம. நம்ம உழைப்பும் கணக்கிலிருந்து குறையாமல் பார்த்துக்கணும்.