நகரும் வெப்பமும்



லண்டன் மாநகரின் இரவு சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட வெப்பம் மிக்கதென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லூக் ஹோவர்டு அளந்து கண்டார். மரமும் மண்ணும் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கின்றன. செங்கல்லும் காரையும் தாரும் பகல் வெயிலை உண்டு இரவில் உமிழ்கின்றன. கட்டட உயரம், தெருவின் அகலம், மரநிழல், குளிர்சாதனங்கள் வெளிவிடும் வெப்பம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் இட்டு, மரச்செறிவு குறைந்தால் வெப்பம் எவ்வாறு மாறும் என இன்று முன்னரே கணிக்கின்றனர்.

தில்லிக் கோடையில் நள்ளிரவிலும் நம் மாடிச் சுவர் சுடுவது இதனாலன்றோ! நம் காலனி வேப்பமரங்களை அகற்றி வண்டி நிறுத்த இடம் காண்போம் என்கின்றனர் சிலர். வண்டிக்கு இடம் கிடைக்கும். குழந்தைகளுக்கு உறக்கம் கிடைக்குமா? அருள்கூர்ந்து எண்ணிப் பாருங்கள்.