இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு நர்ஸ்



பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்கள் இவை. நோய் கடுமையானால் இங்குள்ளவர்கள் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுவார்கள். அப்படிப் போன ஒருவரின் கதையை முதலில் கேளுங்கள்.

2015 ஜூலை மாதம். பாறசாலையைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். அவருடைய குடும்பத்தார் அழுகையின் நடுவிலும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தார்கள். கொச்சி லிசி மருத்துவமனையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் மாற்று இதயத்துக்காகக் காத்திருந்தார். வழக்கறிஞரின் இதயம் அவருக்குப் பொருந்தியது.

ஆனால் உடலை விட்டு எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரமே தாங்கும். கொச்சியோ ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவு. சாலையில் போனால் நேரம் போதாது. எனவே கடற்படை விமானம் ஒன்று இதயத்தைச் சுமந்து சென்றது. கொச்சியில் போலீசார் சாலையில் வழிவிட ஏற்பாடு செய்தார்கள். ஆட்டோ ஓட்டுநர் பிழைத்தார்.

விமானத்தைப் பற்றிப் பலரும் பேசினார்கள். டாக்டர்களைப் பாராட்டினார்கள். அது சரிதான். ஆனால் இத்தகைய வேலையில் வெளியே தெரியாத ஒருவர் உண்டு. அவர்தான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். பல மருத்துவமனைகளில் ஒரு நர்ஸே இந்த வேலையைச் செய்கிறார். நம் மக்கள் அவரைச் "சிஸ்டர்" என்று அழைப்பார்கள். உறுப்பு மாற்று நடக்கும் மருத்துவமனையில் இப்படி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அவருடைய வேலை என்ன?

விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். மூளை முழுவதும் செயல் இழந்துவிட்டது. இனி அது திரும்பாது. ஆனால் சுவாசக் கருவி காற்றைச் செலுத்துகிறது. அதனால் இதயம் இன்னும் துடிக்கிறது. தாய் கேட்கிறாள்:

"சிஸ்டரே, நெஞ்சு அடிக்குதே, உடம்பு சூடா இருக்கே. பெறவு எப்படி செத்துப்போனான்னு சொல்லுதீங்க?"

நியாயமான கேள்வி. சிஸ்டர் அவளைத் தனியாக உட்கார வைக்கிறார். நிதானமாகச் சொல்கிறார்:

"அம்மா, மயக்கம் வேற, மூளைச்சாவு வேற. மயக்கத்துல கிடக்கிறவங்க திரும்பி வரலாம். மூளை செத்துப்போனா திரும்பி வராது. கருவியை நிறுத்தினா மூச்சு நின்னுரும். கொஞ்ச நேரத்துல நெஞ்சும் நின்னுரும்."

இதை ஒரு டாக்டர் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 4 டாக்டர்கள் கொண்ட குழு சோதிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். இரண்டு முறையும் முடிவு ஒன்றாக இருந்தால்தான் மூளைச்சாவு என்று எழுதலாம். உறுப்பை எடுத்து வைக்கும் டாக்டர்கள் இந்தக் குழுவில் இருக்கக்கூடாது.

அதன் பிறகுதான் சிஸ்டர் தானம் பற்றிக் கேட்கிறார். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மாமாவிடம் பேச வேண்டுமா? பேசட்டும். வெளியூரிலிருந்து அண்ணன் வர வேண்டுமா? வரட்டும். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

சம்மதித்தால் சிஸ்டரின் கால் தரையில் நிற்காது. மாநிலத்தின் உறுப்பு தான அமைப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2012-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் மிருதசஞ்சீவனி. யாருக்கு எந்த உறுப்பு என்பதைச் சிஸ்டர் முடிவு செய்வதில்லை. பதிவு வரிசை, இரத்த வகை, நோயின் கடுமை ஆகியவற்றைப் பார்த்து அந்த அமைப்பே முடிவு செய்கிறது. விபத்து என்றால் போலீஸ் அனுமதியும் வேண்டும். ஆம்புலன்ஸ் வேண்டும். கடைசியில் உடலைத் தைத்து, துடைத்து, மரியாதையோடு வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். இத்தனையும் அவர் பொறுப்பு.

பணம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சம்மதித்த பிறகு உடலைப் பாதுகாக்க ஆகும் செலவைத் தானம் தரும் குடும்பத்திடம் வாங்கக்கூடாது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். யாராவது தரகர் வந்து பேசினால் நம்பாதீர்கள்.

உறுப்பு பெற்றவருக்கும் சிஸ்டர் தேவை. நம் உடம்பு புதிய உறுப்பை அந்நியனாக நினைத்து எதிர்க்கும். அதைத் தடுக்க மாத்திரை உண்டு. அதை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும், அதுவும் தினமும் அதே நேரத்தில். "இப்போ உடம்பு நல்லா இருக்கே" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது கிடைத்த சிறுநீரகம் கெட்டுப்போகும். மறுபடியும் டயாலிசிஸ்தான். ஆகவே சிஸ்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: மாத்திரை சாப்பிட்டீர்களா? காய்ச்சல் உண்டா? டாக்டரைக் கேட்காமல் வேறு மருந்து எதுவும் சாப்பிட்டீர்களா? சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு குடும்பம் அழுதுகொண்டே கொடுத்தது வீணாகக்கூடாது அல்லவா?

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. உறுப்புக்காகப் பதிவு செய்பவர் அந்த மாநிலத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முன்பு சில மாநிலங்களில் இருந்தது. அதை நீக்கும்படி 2023-இல் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. பதிவுக்குக் கட்டணம் வாங்க வேண்டாம் என்றும் சொன்னது. எனவே சந்தேகம் இருந்தால் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடமே நேராகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தான அட்டையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் வீட்டாரின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள். உங்கள் விருப்பம் அவர்களுக்குத் தெரியாவிட்டால் திகைத்துப்போவார்கள். எனவே தானம் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், நல்ல உடம்போடு இருக்கும்போதே வீட்டில் சொல்லிவையுங்கள். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது பேசிப்பாருங்கள்.