பத்தாயிரத்து எண்பது காரணிகள்



கணித ஆசிரியர் ஒருவரின் நினைவில் நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே ஓர் எண்ணைப் பற்றிப் பேசுகிறேன்: 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வெளியிட்ட மிகு பகு எண்களின் அட்டவணை இதோடுதான் முடிகிறது.

மிகு பகு எண் என்பது என்ன? இந்த நெய்வேலி 24 மணி நேரத்தை மூன்று ஷிப்டாகப் பகுத்துச் சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் நடத்துகிறது. 24க்கு எட்டுக் காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டு இல்லை. இப்படித் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுவதே மிகு பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று வரிசை போகிறது.

18 ஏன் இதில் இல்லை? 18இல் ஒரு 2, இரண்டு 3. அடுக்குகளை இடம் மாற்றுங்கள்: இரண்டு 2, ஒரு 3. கிடைப்பது 12. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான். 12 சிறியது, அதனால் 18 தோற்றுவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய இந்த இடமாற்றத்திலிருந்தே மிகு பகு எண்ணின் அடிப்படை வடிவம் தெரிந்துவிடும். 2இல் தொடங்கும் பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். அடுக்குகள் போகப் போக ஏறவே கூடாது. நம் எண்ணைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இருமுறை, 11 முதல் 23 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10,080 காரணிகள். எண்ணின் பருமனைவிட இந்தக் கட்டமைப்புதான் என்னை ஆட்கொள்கிறது.

ராமானுஜன் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. அதைப் பிரித்துப் பார்த்தபோது சிலிர்த்தேன். கடைசி எண்ணிலிருந்து 23ஐ மட்டும் நீக்கினால் கிடைப்பது அதுவே. நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கையாலேயே கணித்த மனிதரிடம் தப்பியது அந்த ஒன்றுதான்.

1910இல் வேலை கேட்டு அவர் திருக்கோவிலூருக்கு வந்தார். நெய்வேலியும் அந்த ஊரும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம். துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் இவரைக் குமாஸ்தா வேலையில் முடக்க ஐயருக்கு மனம் வரவில்லை. சென்னையிலுள்ள கணித அன்பர்களிடம் அனுப்பிவைத்தார். ஆறே ஆண்டுகளில், 1916இல், மிகு பகு எண் ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்குப் பட்டம் அளித்தது.

அந்த ஆய்வில், போர்க்காலப் பணமுடையால் அச்சேறாத மீதிப் பகுதி 1997இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது. காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற ஆராய்ச்சி அதில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1984இல், கணிதவியலர் கய் ராபின் அந்தக் கேள்வியை, பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளோடு பிணைத்திருந்தார். எண்ணுக்கு இயல் மடக்கை எடுத்து, மறுபடியும் எடுத்து, அதை அந்த எண்ணாலும் 1.781… என்ற மாறிலியாலும் பெருக்குங்கள்; அதுதான் வரம்பு. 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களின் காரணிக் கூட்டுத்தொகையும் இந்த வரம்புக்குக் கீழே நின்றால் ரீமான் கருதுகோள் மெய். ஒன்று மீறினாலும் பொய்.

5040உம் மிகு பகு எண்தான். அதன் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. வரம்பு ஏறத்தாழ 19,237. 5040க்கு மேல் மீறும் எண் இதுவரை அகப்படவில்லை. அகப்படாது என்று நிறுவியவரும் இல்லை. அப்படி ஏதும் இருந்தால், அவற்றுள் மிகச் சிறியதன் அடுக்குகளும் 2இலிருந்து ஏறாமல்தான் செல்லும். மாணவர்கள் தேடத் தொடங்க வேண்டிய இடம் அது.