பாலுவின் கதையை எப்படிச் சொல்வது?



சமூகத் தடைகளைத் தாண்டிய விளையாட்டு வீரர்களின் உண்மைக் கதைகளை, புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகளுக்காக எழுதுவது எப்படி என்பதே இக்கருத்தரங்கின் பொருள். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துதான் கடினம். வாழ்க்கை நன்றாகவே தெரியும். ஆகவே சொற்களை எளிமையாக்குவோம், உண்மையில் கைவைக்க வேண்டாம்.

கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்கிறேன். 1876இல் தார்வாடில், சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் கிளப் ஒன்றில் மாதம் 4 ரூபாய் சம்பளம். உருளை இழுப்பார், வலை கட்டுவார், உறுப்பினர்களுக்குப் பந்து வீசிக்கொடுப்பார். மணிக்கணக்கில் வீசினார்; மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. அந்த இடக்கைச் சுழற்பந்து ஊரிலிருந்த இந்து அணிக்குத் தேவைப்பட்டது. சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தையே எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு இடம் பெவிலியனுக்கு வெளியே. குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளை. சாப்பாடும் தனியே.

இரட்டைக் குவளையைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தை 'பல இன்னல்களைச் சந்தித்தார்' என்று ஒற்றை வரியில் கடந்துபோகும் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வரியில்தான் பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறது.

1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு எடுத்தவை 114 விக்கெட்டுகள். நம்மில் பலர் இங்கேயே மாலை போட்டுக் கதையை முடித்துவிடுவோம். அதற்குப் பிறகும் இந்து அணியின் தலைவராக அவரை ஒருபோதும் அறிவிக்கவில்லை என்பதை எழுதுங்கள். 1920இல் தலைமை மறுபடியும் மேல்சாதியினருக்கே போனபோது, தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றையும் விடக் கூடாது. 1937இல் பம்பாய் மாகாணத் தேர்தலில் பாலு காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். வீரனின் படத்துக்குள் அடங்காத செய்தி என்று இதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். ஒரே அவமதிப்பை அறிந்த இருவர் ஏன் எதிரெதிரே நின்றார்கள் என்று பிள்ளைகள் வகுப்பில் சண்டை போடட்டும். சண்டையில் ஜெயிக்க வேண்டுமானால் பக்கத்தைத் திருப்பிப் படித்துத்தான் ஆக வேண்டும்.

பிற்பகல் அமர்வில் நம் கையெழுத்துப் படிகளை மாணவர்களே வாய்விட்டு வாசிக்கப் போகிறார்கள். அவர்கள் தடுக்கி நிற்கும் வாக்கியங்களை எழுதியவர்கள் குறித்துக்கொண்டு, திருத்திய பிறகே தொகுப்புக்கு அனுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.