நடையும் நன்கொடைப் பட்டியலும்



கந்தோர்களிலும் தொழிற்சாலைகளிலும் உடன் உழைப்போர் ஒன்றுகூடி, ஓடியும் நடந்தும் தருமநிதி சேர்க்கும் வழக்கம் இக்காலத்திற் பெருகியுள்ளது. அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

2011ஆம் ஆண்டிலே, தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் ஒரு குழுவினர் நடந்து கடந்தனர். வழிநெடுகப் பல நிறுவனங்களின் ஊழியரும் பொதுமக்களும் உடன் நடந்தனர். தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கு நிதி திரட்டுவதே நோக்கம். அது அமைந்தும் விட்டது. 2016இலே பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தனர். இம்முறை காலி கராப்பிட்டியவிலுள்ள புற்றுநோயாளருக்காக. முகாமையாளரும் தையல் இயந்திரத்தில் வேலைசெய்யும் பெண்ணும் ஒரே வெயிலில் நடக்கும்போது அங்கே பெரியவர் யார், சிறியவர் யார்?

ஆனால், கந்தோரிலே மேசைக்கு மேசை சுற்றிவரும் நன்கொடைப் பட்டியல் இருக்கின்றதே, அதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. தலைமை அதிகாரியின் பெயர் முதலிலே; தொகை அதற்கெதிரே. கீழே கையெழுத்திடும் சிற்றூழியர் தம் மனத்தைப் பார்ப்பாரா, மேலேயுள்ள இலக்கத்தைப் பார்ப்பாரா? மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்றஞ்சிக் கொடுப்பதை ஈகையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் தாய்மார் உலையேற்றுமுன் எடுத்துவைத்த பிடியரிசிக்கு யார் பெயரெழுதினார்கள்? நான் படித்த மிஷன் பாடசாலையிலும், காணிக்கைப் பைக்குள் மூடிய கையைத்தான் விடுவார்கள்.

ஆகவே, வேலைத்தலங்களில் நிதி சேர்க்கும் இளைஞர்களே, பட்டியலை விடுத்துப் பூட்டிய உண்டியலொன்றை வாயிலில் வையுங்கள். காசு குறையுமென்பர் பொருளாளர்மார். குறையட்டும். சேர்ந்த தொகையையும் அது போய்ச் சேர்ந்த இடத்தையும் மாத்திரம் எல்லோரும் காணச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.