கடிகாரம் சொல்வது எந்த ஊர் மழை?

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



இப்போதெல்லாம் கழனிக்குப் போகிற பிள்ளைகள் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு போகிறார்கள். மணி பார்க்கலாம், எத்தனை அடி நடந்தோம் என்று பார்க்கலாம், இன்றைக்கு மழை உண்டா என்றும் பார்க்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கடிகாரம் சொல்கிற மழை எந்த ஊர் மழை? இதை நாம் பார்ப்பதே இல்லை. நானும் பார்க்காமல் ஒரு தடவை பட்டுவிட்டேன்.

எங்கள் நிலம் வந்தவாசிப் பக்கம். ஓர் ஆவணி மாதம், வேர்க்கடலை பிடுங்கிக் காயைக் களத்தில் காயப் போட்டிருந்தோம். இன்னும் ஒரு நாள் வெயில் அடித்தால் மூட்டை பிடித்துவிடலாம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்தேன். மாலை வரை மழை இல்லை என்று காட்டியது. பக்கத்துக் களத்துப் பெரியவர், "ஏம்பா, மேற்கே கருத்துக்கிட்டு வருது, காயை அள்ளி மூடு" என்றார். "இல்ல மாமா, வாட்ச்சுல மழை இல்லன்னு போட்டிருக்கு" என்றேன். "அது எந்த ஊர்ல நின்னு பாக்குதாம்?" என்று கேட்டுவிட்டுத் தம் காயை மூடப் போய்விட்டார்.

நாலு மணிக்கு இடியோடு பிடித்துக்கொண்டது மழை. அள்ளி முடிப்பதற்குள் பாதிக் காய் நனைந்துவிட்டது. நனைந்த காயில் பூஞ்சாணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார்.

அப்புறம் நிதானமாகப் பார்த்தால், கடிகாரத்தில் சின்ன எழுத்தில் "சென்னை" என்று இருக்கிறது! மகன் அங்கே வைத்துத் தயார் செய்தபோது ஊரைச் சென்னை என்று கொடுத்திருக்கிறான். அதை யாரும் மாற்றவில்லை. ஆக, கடிகாரம் சென்னையின் வானிலையைத்தான் சொல்லியிருக்கிறது. ஊரைப் பார்க்காதது என் தப்பு.

சரி, கடிகாரத்துக்கு நாம் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? பெரும்பாலான கடிகாரங்களுக்குச் சொந்தமாக இணையத் தொடர்பு கிடையாது. அவை ப்ளூடூத் மூலம் நம் செல்போனோடு பேசும். போனில் அந்தக் கடிகாரத்துக்கென்று ஓர் ஆப் இருக்கும். அந்த ஆப் போனிடம் இடத்தைக் கேட்டு வாங்கி, வானிலை நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் பதில்தான் கையில் தெரிகிறது. சிம் வசதியுள்ள கடிகாரங்கள் இதைத் தாமே செய்துகொள்ளும்.

போனுக்கு இடம் தெரிய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். இவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சர்வேயர் எல்லைக் கற்களிலிருந்து தூரம் அளந்து நிலத்தின் மூலையைக் கண்டுபிடிக்கிறார் அல்லவா? அதுபோலக் குறைந்தது நான்கு கோள்களின் தூரத்தைக் கணக்கிட்டுப் போன் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. திறந்தவெளியில் சில மீட்டருக்குள் சரியாக இருக்கும். ஆனால் ஒன்று, இந்தக் கோள்கள் மழையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது, செல்போன் கோபுரங்களும் வைஃபையும். கிராமத்தில் கோபுரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் சில கிலோமீட்டர் பிசகலாம்.

மூன்றாவது, இணைய முகவரி. இதை நம்பினால், நாம் வயலில் நிற்கும்போதே தொலைபேசிக் கம்பெனியின் நிலையம் இருக்கும் பெரிய நகரத்தைக் காட்டிவிடும்.

இந்த மூன்றும் இல்லாமல், எங்கள் வீட்டில் நடந்ததுபோல் கையால் கொடுத்த ஊரிலேயே கடிகாரம் நின்றுபோவதும் உண்டு.

ஆகையால், மருந்து தெளிக்கும் முன், உரம் போடும் முன், அறுவடைக்கு ஆள் சொல்லும் முன் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில், வானிலைப் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். எந்த நேரத்துத் தகவல் என்று போட்டிருந்தால் அதையும் பாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போனால் ப்ளூடூத் எட்டாது. கடிகாரம் காலையில் வாங்கிய பழைய தகவலையே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து, போனில் இருப்பிட வசதி திறந்திருக்க வேண்டும். ஆப்புக்கு அனுமதி கேட்கும்போது "எப்போதும்", "துல்லியமாக" என்று கொடுங்கள். "தோராயமாக" என்று கொடுத்தால் பக்கத்து ஊரைக் காட்டலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் முறையில் போட்டாலும் இடம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். கடிகாரம் யாருடைய போனோடு இணைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மகன் போனோடு இணைந்திருந்தால், மகன் இருக்கிற ஊர் மழைதான் வரும்.

ஊரைக் கையால் கொடுப்பதானால் மாவட்டத்தையும் பார்த்துக் கொடுங்கள். புதூர் என்று தேடினால் நம் மாநிலத்தில் எத்தனை புதூர் வரும்!

இவ்வளவும் சரியாக இருந்தாலும், கடிகாரம் உங்கள் வரப்பைப் பார்த்துச் சொல்வதில்லை. கணிப்பொறி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு கணக்கிடுகிறது. 2025 மே மாதம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். முன்பு 12 கிலோமீட்டராக இருந்தது. கட்டம் சிறிதானது நல்லதுதான். ஆனாலும் கோடை இடிமழை ஏரியின் இந்தக் கரையில் பெய்யும், அந்தக் கரையில் பெய்யாது. அதைக் கட்டத்துக்குள் பிடிப்பது கஷ்டம்.

எனவே கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்திய வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. "மேகதூத்" ஆப்பிலும் அதைப் பார்க்கலாம். இன்றைக்கு என்ன மழை, எந்தப் பயிருக்கு என்ன செய்யலாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள்.

எல்லாம் பார்த்த பிறகு, ஒரு தடவை மேற்கேயும் திரும்பிப் பாருங்கள். இப்போது நானும் காய் காயப்போட்டால் முதலில் கடிகாரத்தில் ஊர்ப் பெயரைப் பார்ப்பேன், அப்புறம் வானத்தைப் பார்ப்பேன், அதற்கப்புறம் பக்கத்துக் களத்து மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். தார்ப்பாய் களத்து ஓரத்திலேயே தயாராக இருக்கும்.