எந்தப் பெண்ணுக்கு?



பங்குச் சந்தையில் இருக்கிற ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்கணும் என்றது 2013 கம்பெனிச் சட்டம். முதலாளிகள் பலர் என்ன செய்தார்கள்? மனைவியை, மகளை உட்காரவைத்தார்கள். நாற்காலி வீட்டைவிட்டு நகரவே இல்லை.

பிறகுதான் செபி, 2019இல் முதல் 500 கம்பெனிகளுக்கும் 2020இல் முதல் 1000 கம்பெனிகளுக்கும், குடும்பம் சாராத பெண் இயக்குநர் கட்டாயம் என்றது.

சரிங்க, சாதி? அதற்கு ஒரு வரிகூட இல்லை. பஞ்சாயத்து ஒதுக்கீட்டில் தலித் பெண்ணுக்குத் தனி இடம் வைத்தது 1992இன் 73ஆவது திருத்தம். கம்பெனிக்கு மட்டும் ஏன் முடியாது?

கொங்குப் பஞ்சாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று ஆள் பிடித்தபோது, சேரிக்கு வழி தெரிந்தது. இயக்குநர் நாற்காலிக்கு ஆள் தேடும்போது மட்டும் ஊரோடு கால் நின்றுபோகிறது.

பெண்ணுக்கு இடம் கேட்போம். எந்தப் பெண்ணுக்கு என்றும் சேர்த்தே கேட்போம்.